ஃபேட்டி லிவர் என்றார்கள், சிறுநீரகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

வைகைக்கரை (மதுரை):

என் கணவருக்கு வயது 54. அலுவலகச் செலவில் ஆண்டுதோறும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் உண்டு. வயிற்று ஸ்கேன் அறிக்கையில் ஆண்டுதோறும் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' (கல்லீரலில் மிதமான கொழுப்பு) என்று வரும். இரண்டு வரி தள்ளி 'இரு சிறுநீரகங்களும் இயல்பாக உள்ளன' என்றும் வரும். முதல் வரிக்கு, ஆபீசில் பாதிப் பேருக்கு இது இருக்கிறதென்று அவர் சமாதானம் சொல்வார். இரண்டாவது வரியைப் படித்துவிட்டு நான் கோப்பை பீரோவில் வைத்துவிடுவேன். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.1 என்ற எல்லையிலேயே நின்றதால் எந்த மருத்துவரும் அவரைச் சர்க்கரை நோயாளியாகக் கருதவில்லை; ஆகவே சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுக்கொருமுறை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் அவருக்குச் செய்யப்படவில்லை. குடலிறக்க அறுவைக்கு முன்பு மயக்க மருந்து நிபுணர் கேட்டிருந்த பரிசோதனைகளில்தான் முதன்முதலாகச் சிறுநீரில் புரதம் இருப்பது தெரிந்தது. சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதம் 340. முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டியது அது. இத்தனைக்கும் அவருடைய இரத்தக் கிரியேட்டினின் 1.2தான், சிறுநீரகம் வடிகட்டும் திறன் 72 என்று கணக்கிட்டார்கள்.

இன்றுவரை என்னை உறுத்துவது சிறுநீரக மருத்துவரின் அறையில் நடந்தது. பழைய அறிக்கைகள் அனைத்தையும் அவர் மேசைமேல் தேதிவாரியாகப் பரப்பினார். கொலஸ்ட்ரால், சர்க்கரைத் தாள்களை ஒதுக்கிவிட்டு ஸ்கேன் படங்களை மட்டும் கையில் எடுத்து, "கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதென்று ஸ்கேனில் எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா அம்மா? பக்கத்தில் இருக்கும் வலது சிறுநீரகத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறார்கள். சிறுநீரகத்தைவிடக் கல்லீரல் வெளுத்துத் தெரிந்தால் கொழுப்பு. இத்தனை வருடமும் இரண்டையும் ஒரே படத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூடச் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லவில்லையா?" என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஸ்கேனில் சிறுநீரகத்தின் அளவும் வடிவமும் தெரியுமே தவிர, அது புரதத்தைக் கசியவிடுகிறதா என்பது தெரியாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டோம். உங்களில் யாருக்கேனும் ஃபேட்டி லிவர் அறிக்கையைப் பார்த்தவுடனே சிறுநீரகத்தைப் பற்றிச் சொன்ன மருத்துவர் உண்டா?

கொங்குமகள் (ஈரோடு):

எங்களுக்கு ஒருவர் சொன்னார். ஆனால் அவர் எங்கள் மருத்துவரே அல்லர்.

அம்மாவுக்கு 63 வயது. மெலிந்த உடல்வாகு, வயிறு மட்டும் சற்று முன்தள்ளி இருக்கும். ஃபேட்டி லிவர் இருப்பது வேறு ஏதோ வயிற்றுவலிக்கு எடுத்த ஸ்கேனில் தெரியவந்தது. "ஒல்லியான ஆளுக்கு எப்படி வரும்?" என்று குடும்பமே நம்ப மறுத்தது. நம் நாட்டவரிடம் எடை குறைவாக இருந்தும் இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதும், அதனோடு கல்லீரல் கொழுப்பும் வருவதும் சாதாரணம் என்று பின்னால் தெரிந்துகொண்டோம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்த இரவில், பணியிலிருந்த இளம் மருத்துவர் ஒருவர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே தன் கைப்பேசியில் எதையோ தட்டினார். கிரியேட்டினின் 1.2 என்றிருந்தது. ஆய்வகம் அச்சிட்டிருந்த இயல்பு அளவு 0.6 முதல் 1.4 வரை, ஆண், பெண், இருபது வயது, எழுபது வயது எல்லோருக்கும் அதே அளவு. எனவே அந்த எண்ணின் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி எதுவும் இல்லை. அவரோ கைப்பேசியை என் பக்கம் திருப்பி, "உங்கள் அம்மாவின் வயதுக்கு இதன்படி சிறுநீரகம் வடிகட்டும் திறன் 51 ஆகிறது. காய்ச்சலில் இப்படி இறங்கக்கூடும். மூன்று மாதம் கழித்தும் அறுபதுக்குக் கீழேயே இருந்தால் இதற்குப் பெயர் நாட்பட்ட சிறுநீரக நோய்" என்றார். மூன்று மாதம் கழித்து 53 வந்தது.

அந்தத் திரையில் தெரிந்த 51 என்ற எண் என் கண்ணிலேயே நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டிலும் அம்மாவின் கிரியேட்டினின் 1.2தான். வயது, பால், கிரியேட்டினின் ஆகிய மூன்றையும் கொடுத்தால் எந்த ஆய்வகமும் கணக்கிட்டு அச்சிடக்கூடிய ஒரு எண்ணை ஏன் எல்லா ஆய்வகங்களும் அச்சிடுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆய்வகத்தார் (சென்னை):

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டு சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் இரண்டிலும் இரத்த அழுத்தம், சர்க்கரை, வயது ஆகியவற்றில் ஏதோ ஒன்று உடன் இருக்கிறது. இந்நாட்டில் சிறுநீரகத்தைக் கெடுப்பவை முதன்மையாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும். அவை உள்ள பலருக்குக் கல்லீரலிலும் கொழுப்பு இருக்கும். ஒரே வீட்டில் குடியிருப்பதால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. என் அண்ணனுக்கு இருபது ஆண்டுகளாக ஃபேட்டி லிவர் இருக்கிறது. எண்பதை நெருங்குகிறார், சிறுநீரகம் நன்றாகவே இருக்கிறது.

மக்களை வீணாகப் பயமுறுத்த வேண்டாம். ஃபேட்டி லிவர் உள்ள ஒவ்வொருவரையும் சிறுநீரகப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஆய்வகங்களின் வாசலில் வரிசை தெருமுனை வரை நிற்கும். சிறுநீரில் ஆல்புமின் வருவதற்குக் காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று என்று பல காரணங்கள் உண்டு. ஒருமுறை கூடுதலாக வந்தவுடன் நோயாளி என்று முத்திரை குத்திக்கொள்ளாமல், காலையில் எழுந்தவுடன் போகும் முதல் சிறுநீரை மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். மூன்று முதல் ஆறு மாத இடைவெளிக்குள் மூன்றில் இரண்டு முறையேனும் கூடுதலாக இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. மாதிரியை வீட்டிலேயே பிடித்து, வெயிலில் பேருந்தில் எடுத்து வந்து, மதியம் ஒப்படைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பெண்கள் மாதவிடாய் நாட்களில் கொடுக்கக் கூடாது. இவையெல்லாம் தெரியாமல் எண்களை வைத்துக்கொண்டு தூக்கம் கெடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாமிரபரணிச் செவிலி (திருநெல்வேலி):

ஆய்வகத்தார் ஐயாவுக்கு வணக்கம். மாதிரி கொடுக்கும் முறை குறித்து நீங்கள் எழுதியதை எங்கள் பிரிவின் சுவரில் ஒட்டலாம். ஆனால் 'ஒரே வீட்டில் குடியிருப்பது' என்பதோடு கதை முடிந்துவிடவில்லை. 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 12 லட்சம் பேரின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் புதிதாக வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.4 மடங்காக இருந்தது. வயது, பருமன், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. உங்கள் அண்ணனைப் போல ஒன்றும் ஆகாதவர்களே பெரும்பான்மையினர் என்பதையும் அதே ஆய்வு மறுக்கவில்லை. இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சினுக்கு மூலமான புரதம் கல்லீரலில்தான் பெருமளவு உற்பத்தியாகிறது. கொழுப்பேறி அழற்சியுற்ற கல்லீரல் இரத்தத்தில் கலக்கும் பொருள்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் தாக்குகின்றன. இனிப்புப் பானங்களில் உள்ள ஃபிரக்டோஸைக் கல்லீரல் உடைக்கும்போது யூரிக் அமிலமும் கூடுகிறது. எது எவ்வளவு காரணம் என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. விவாதம் இருக்கிறது என்பதற்காகச் சிறுநீரைப் பார்க்காமல் விடலாம் என்று பொருளாகாது.

நான் டயாலிசிஸ் பிரிவில் பணிபுரிகிறேன். என்னை எழுதத் தூண்டியது ஒரு நோயாளியின் மனைவி. அவருடைய கணவர் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். வாழ்நாளில் மதுவைத் தொடாதவர். ஒருநாள் அந்த அம்மாள் மஞ்சளேறிய ஓர் உறையோடு வந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லு தாயி" என்றார். பழைய ஸ்கேன் அறிக்கை. கணவரின் சட்டைகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்ததாம். 'கல்லீரலில் கொழுப்பு' என்று படித்தேன். அந்த அம்மாள் அதிர்ச்சியில் கணவரின் படுக்கையைத் திரும்பிப் பார்த்தார். ஊசிகள் குத்திய கையை அசைக்க முடியாமல் படுத்திருந்த அவர், "ஈரல் கெட்டுப்போச்சு என்றால் குடிகாரன் என்று ஊரில் பேசுவார்கள், உன் அண்ணன்மார் என்ன நினைப்பார்கள் என்றுதான் காட்டவில்லை" என்றார். மதுவுக்கும் அவருக்கு வந்த ஃபேட்டி லிவருக்கும் தொடர்பே இல்லை என்று அந்த அறிக்கை கிடைத்த நாளிலேயே யாராவது இரண்டு நிமிடம் எடுத்துச் சொல்லியிருந்தால், அவர் மறுபடி மருத்துவரிடம் போயிருப்பார். அப்படிப் போகாத ஆண்டுகளில் அவருக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, இரத்த அழுத்தமும் வந்திருக்கிறது. இரண்டுமே யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கின்றன.

இயற்கைவழி (தஞ்சாவூர்):

எனக்கும் கிரேடு 1 வந்தது. மருந்து எதுவும் எடுக்கவில்லை. ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது.

எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலந்து குடிக்க வேண்டும். சிறுநீரகத்துக்கு வாழைத்தண்டுச் சாறு. வாரத்தில் மூன்று நாளாவது ஒரு டம்ளர் அவசியம். கொழுப்பைக் கரைக்கக் கொள்ளு ரசமும் பூண்டும். இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். அரிசியைக் குறைத்து வரகு, சாமை சேர்க்க வேண்டும். பாட்டில் குளிர்பானங்களையும் பேக்கரிப் பண்டங்களையும் வீட்டுக்குள் விடவே கூடாது. தினமும் நாற்பது நிமிடம் வியர்க்க வியர்க்க நடக்க வேண்டும். மாத்திரைகள் அனைத்துமே சிறுநீரகத்தைக் கெடுப்பவை என்று நான் நம்புவதால், மேலே வைகைக்கரைச் சகோதரி எழுதிய அவருடைய கணவருக்கு இரத்த அழுத்த மாத்திரை கொடுத்திருந்தால் அதை மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டு இவற்றைத் தொடங்கலாம். கொலஸ்ட்ரால் குறைய பிலிம்பிக்காய் என்ற புளிப்புக் காயின் சாறு மிகவும் நல்லது என்று கேரளத்து நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். கிடைப்பவர்கள் முயன்று பார்க்கலாம்.

குமரித்துறை (நாகர்கோவில்):

இயற்கைவழி அவர்களே, உங்கள் பதிவின் கடைசி இரண்டு வாக்கியங்களைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். பிலிம்பிக்காய்ச் சாற்றை யாரும் முயன்று பார்க்க வேண்டாம். என் மாமாவுக்கு ஃபேட்டி லிவரும் கொலஸ்ட்ராலும் இருந்தன. பக்கத்து வீட்டு மரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்ததைப் பறித்து, தண்ணீர் சேர்க்காமல் அரைத்து, காலையில் ஒரு பெரிய டம்ளர் நிறையக் குடித்துவந்தார். சில நாட்களில் வாந்தியும் விக்கலும் தொடங்கின. சிறுநீர் வெகுவாகக் குறைந்தது. மருத்துவமனையில் கிரியேட்டினின் 7ஐத் தாண்டியிருந்தது. அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "பிலிம்பிச் சாறு குடித்தீர்களா?" என்பதுதான். அத்தை கைகளைப் பிசைந்துகொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அரைத்துக் கொடுத்தவர் அவர்தான். அந்தக் காயில் ஆக்சலேட் மிகுதி. அது சிறுநீரகக் குழாய்களில் படிகமாகப் படிந்து அடைத்துவிடுகிறது. கேரளத்தில் இப்படிப் பலர் பாதிக்கப்பட்டது 2013இலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மாமா தற்காலிக டயாலிசிஸில் பிழைத்தார், ஆனால் சிறுநீரகத் திறன் முழுவதுமாகத் திரும்பவில்லை.

வாழைத்தண்டும் எல்லோருக்கும் பொருந்தாது. அதில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள் சில இரத்த அழுத்த மாத்திரைகளோடு அதையும் குடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். குளிர்பானத்தைப் பற்றியும் நடையைப் பற்றியும் நீங்கள் எழுதியவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன்.

வன்னிமகன் (வவுனியா):

இலங்கையில் எங்கள் பக்கத்தில் கதை வேறு விதமாகத் தொடங்கும். இங்கே ஒருவருக்குச் சிறுநீரக வருத்தம் என்றால் உடனே எல்லோரும் கிணற்றைத்தான் பார்ப்பார்கள். மதவாச்சி, பதவியா பக்கங்களில் விவசாயிகளைப் பீடித்திருக்கும், காரணம் இன்னும் உறுதியாகாத சிறுநீரக நோயைப் பற்றி நீங்களும் அறிந்திருப்பீர்கள். அப்பா கமக்காரர். கிளினிக்கில் சிறுநீரகம் பழுது என்றதும், நாங்கள் கடன்பட்டு வீட்டுக்கு வடிகட்டி இயந்திரம் பூட்டினோம், கிணற்றுத் தண்ணீரைச் சமையலுக்குக்கூட எடுப்பதை நிறுத்தினோம். வேறு எதையும் யோசிக்கவில்லை.

அடுத்த கிளினிக்கில் புதிதாக வந்திருந்த வைத்தியர், அப்பாவின் சிறுநீரில் புரதம் மிக அதிகமாகப் போகிறது, தண்ணீரோடு சேர்த்துப் பேசப்படும் அந்த நோயில் பொதுவாக இவ்வளவு போகாது என்று சொல்லிவிட்டு, மேசை லாச்சியிலிருந்து தையற்காரர் வைத்திருப்பது போன்ற அளவு நாடாவை எடுத்து அப்பாவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். 101 சென்றிமீற்றர். ஆசிய ஆண்களுக்கு 90ஐத் தாண்டக் கூடாதாம். "ஐயா, கிணற்றைப் பிறகு பார்ப்போம், முதலில் ஈரலை ஸ்கான் பண்ணுவோம்" என்றார். ஈரலில் கொழுப்பு நிறைய இருந்தது, பிரஷரும் இருந்தது. வயலில் நாள் முழுக்க முறிகிற ஆளுக்கு ஈரலில் கொழுப்பு எப்படி வரும் என்று அப்பா இப்போதும் வாதாடுகிறார். இரவில் மூன்று கோப்பை சோறும், நாளுக்கு ஆறேழு தரம் சீனி அள்ளிப் போட்ட தேநீரும் குடிப்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. கொழும்புக்கு அருகே ராகமையில் 35 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்டவர்களைப் பரிசோதித்த ஆய்வில் மூன்றிலொருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்ததென்று அந்த வைத்தியரே சொன்னார். தண்ணீரைச் சந்தேகிப்பது பிழை என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் ஊரில் அந்த நோயாலும் ஆட்கள் சாகிறார்கள். அப்பாவுக்கு மட்டும் அந்த நாடா வேறு கதை சொன்னது.

ஆய்வகத்தார் (சென்னை):

செவிலியர் சகோதரி சொன்ன தொகுப்பாய்வை மகனிடம் சொல்லித் தேடிப் படித்தேன். 1.4 மடங்கு என்பது சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்போடு ஒப்பிடத் தக்கதன்று. அதில் உள்ள பல ஆய்வுகள் கிழக்காசியாவைச் சேர்ந்தவை. நம் மக்களுக்கு அதே மடங்கு பொருந்துமா என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆல்புமின் பரிசோதனை வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லை, விதிமுறையோடு செய்யுங்கள் என்றே எழுதினேன். கொங்குமகள் கேட்டதற்கு விடை: வடிகட்டும் திறனைக் கணக்கிட்டு அச்சிடும் வசதி பெரும்பாலான ஆய்வக மென்பொருள்களில் இருக்கிறது. நோயாளியின் வயதை வரவேற்பில் சரியாகப் பதிவதில்லை. பல இடங்களில் வயது தெரியாவிட்டால் முப்பது என்று போட்டுவிடுவார்கள். அதை வைத்துக் கணக்கிட்டால் தவறான எண் வரும் என்ற அச்சத்தில் அந்த வசதியையே அணைத்து வைத்திருப்பார்கள்.

வைகைக்கரை (மதுரை):

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். இரத்த அழுத்த மாத்திரையை நாங்கள் நிறுத்தவில்லை, நிறுத்தப்போவதும் இல்லை. புரதக் கசிவைக் குறைப்பதற்காகவே அந்த வகை மாத்திரையைத் தேர்ந்தெடுத்ததாக மருத்துவர் சொன்னார். அதோடு டாபாகிளிஃப்ளோசின் சேர்த்திருக்கிறார். சர்க்கரை நோயே இல்லாதவருக்குச் சர்க்கரை மருந்தா என்று நான் மருந்துக் கடையிலேயே சண்டை போட்டேன். சர்க்கரை இல்லாதவர்களின் சிறுநீரகத்தையும் அது காக்கிறது என்று 2020இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியதை மருத்துவர் பின்னர் விளக்கினார். அதே ஆண்டில் இங்கே காப்புரிமை முடிந்து பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதால் விலையும் தாங்கும்படி இருக்கிறது. வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடுவதற்கு மட்டும் கண்டிப்பான தடை. எடையில் பத்து விழுக்காடு குறைத்தால் கல்லீரலுக்கும் நல்லது என்றார், அதில் பாதி குறைந்திருக்கிறது. விகிதம் 340இலிருந்து 150க்கு வந்திருக்கிறது.

கரிசல்காடு (விருதுநகர்):

என் அனுபவம் சற்று வேறானது. சிறுநீரகம் பழுதானவர் என் அண்ணன். ஃபேட்டி லிவர் இருப்பது எனக்கு.

அண்ணனுக்கு நான் சிறுநீரகம் கொடுப்பதென்று வீட்டில் முடிவாயிற்று. இரத்தப் பிரிவு பொருந்தியது, திசுவும் பொருந்தியது. தானத்துக்கான அனுமதிக்கு வேண்டிய உறவுச் சான்றுகளைக்கூட வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிவிட்டோம். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியின் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார். பிறகு எனக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு இடுப்பளவு, சர்க்கரை, யூரிக் அமிலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பேனாவை மூடி வைத்தார். "இன்றைக்கு உங்கள் சிறுநீரகங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் இந்தக் கல்லீரலையும் இந்தச் சர்க்கரையையும் வைத்துக்கொண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றோடு நாற்பது வருடம் வாழப் போகிறவர் நீங்கள். எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், மறுபடி பார்க்கலாம்" என்றார். வெளியே அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொடுக்க மாட்டேன் என்று நானே சொல்லிவிட்டேனோ என்ற சந்தேகம் அண்ணியின் முகத்தில் ஒரு கணம் தோன்றியதை நான் பார்த்தேன். அது சரியா தவறா என்று யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.

86 கிலோவாக இருந்தவன் இப்போது 79க்கு வந்திருக்கிறேன். கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் தழும்பு இல்லை என்று வந்திருக்கிறது. கொழுப்பு குறைந்த பிறகு தானத்துக்கு ஏற்கப்பட்டவர்கள் இங்கே யாரேனும் இருந்தால், எவ்வளவு எடை குறைத்த பின் மறு ஸ்கேனுக்குப் போனீர்கள், சர்க்கரைச் சராசரி எவ்வளவுக்குள் இருக்க வேண்டுமென்று கேட்டார்கள் என்பதை எழுதுங்கள்.